ஞாயிறு முழுக்கத் தூங்கியும் திங்களன்று ஏன் தூங்கி வழிகிறான்?

ஞாயிறு 11 மணி வரை தூங்கும் ப்ளஸ் டூ மகன் திங்களன்று வகுப்பில் தூங்கி விழுகிறான், ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள். சோம்பேறி என்று திட்டாதீர்கள். பருவ வயதில் தூக்கத்துக்கான மெலடோனின் ஒன்றிரண்டு மணி நேரம் தாமதமாகத்தான் சுரக்கும். 13 முதல் 18 வயதுக்குத் தேவை 8 முதல் 10 மணி நேரத் தூக்கம், இரவு 11.30க்குப் படுத்து 5 மணிக்கு டியூஷனுக்கு எழுந்தால் கிடைப்பது ஐந்தரை. அந்தக் கடனைத்தான் ஞாயிறு அடைக்கப் பார்க்கிறான். ஆனால் காலை வெளிச்சம் படாததால் உடல் கடிகாரம் இன்னும் பின்னால் போகிறது. அன்றிரவு எப்படித் தூக்கம் வரும்?

சாப்பாடும் இதில் கூட்டாளி. கல்லீரலுக்கும் குடலுக்கும் தனிக் கடிகாரங்கள் உண்டு. அவை சாப்பிடும் நேரத்தைப் பார்த்து ஓடுபவை. ராத்திரி 10.30க்குப் பரோட்டா சால்னா என்றால் நெஞ்செரிச்சலோடு புரள வேண்டியதுதான். காலையில் பசிக்காது, வெறும் காபியோடு ஓடுவான், இரண்டாவது பீரியடிலேயே கண் சொக்கும். மாலை 6 மணிக் காபியின் காஃபீனில் ஏறக்குறைய பாதி இரவு 11 மணிக்கும் உடம்பில் இருக்கும் (டீயிலும் உண்டு, அளவு குறைவு).

முதலில் எழும் நேரத்தைப் பிடியுங்கள். ஞாயிறு கூடுதலாக ஒரு மணி நேரம், சரி. எழுந்ததும் மொட்டைமாடி வெயில், அப்புறம் இரண்டு இட்லியாவது. இரவுச் சாப்பாடு 8 மணிவாக்கில். பலமாகக் குறட்டை விடுகிறான் என்றால் டாக்டரிடம் காட்டுங்கள்.