வெண்புள்ளி நோய் மீண்டும் வந்ததா? மருந்தை இடையில் நிறுத்தியதே காரணம்

வணக்கம். மருந்திட்ட மூன்றாம் நாளே கப்பி மீன்களின் புள்ளிகள் மறைந்தன, அதனால் நிறுத்தினீர்கள், ஒரு வாரத்தில் மீண்டும் வந்துவிட்டன என்று எழுதியிருந்தீர்கள். நோய் அப்போது தீரவில்லை. உப்புக்கல் போலத் தெரியும் அந்தப் புள்ளி, தோலுக்கடியில் பதுங்கியிருக்கும் ஒட்டுண்ணி. அங்கே மருந்து அதை எட்டாது. முற்றியதும் அது கழன்று விழுந்து, கற்களில் ஒட்டி, நூற்றுக்கணக்கான குஞ்சுகளாகப் பிரியும். அவை மீனைத் தேடி நீந்தும் ஓரிரு நாளில்தான் மருந்தால் கொல்ல முடியும்.

யாழ்ப்பாணத்து மார்கழி இரவுகளில் தொட்டி குளிர்ந்து, இந்தச் சுழற்சி நீண்டுவிடும். ஹீட்டர் வைத்து வெப்பத்தைப் படிப்படியாக 29 பாகை செல்சியசுக்கு உயர்த்துங்கள். சூடான நீரில் ஒட்சிசன் குறையும், காற்றுப் பம்பியை இரவிலும் நிறுத்தவே வேண்டாம். வடிகட்டியிலுள்ள கரியை எடுத்துவிடுங்கள், அது மருந்தை உறிஞ்சிவிடும். அடிக்கற்களைக் குழாயால் உறிஞ்சிச் சுத்தம் செய்து, கால்பங்கு நீரை மாற்றிய பிறகே அடுத்த வேளை மருந்து. கடைசிப் புள்ளி மறைந்த பின்னும் ஒரு வாரம் தொடருங்கள்.

நம் கிணற்று நீரின் சுண்ணாம்புத்தன்மை கப்பிக்கு நல்லதே. மழைக்குப் பின் கிணற்றுக்குக் குளோரின் போட்டிருந்தால் மட்டும், குளோரின் நீக்கி கலந்த பிறகே ஊற்றுங்கள்.

கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளும் சக்கர் மீனுக்கு, வெண்புள்ளி மருந்துகள் பலவற்றில் உள்ள மலக்கைட் பச்சை என்ற சாயம் கடுமையானது. அந்த மீனைத் தனியே பிரித்து வைக்க இடமில்லையென்றால் மருந்தைப் பாதி அளவே போடுங்கள். அது மேலே வந்து காற்றை விழுங்கிக்கொண்டே இருந்தால், தாமதிக்காமல் நீரை மாற்றுங்கள்.