நெஞ்சு வலி வந்தால் அது கேஸா, மாரடைப்பா என்று வீட்டிலேயே கண்டுபிடிப்பது எப்படி?

கண்டுபிடிக்க முடியாது. தயவுசெய்து அதற்கு முயற்சி செய்யவும் வேண்டாம்.

உங்கள் அப்பாவுக்கு 58 வயது, சர்க்கரை உண்டு, போன வாரம் இரண்டு முறை மாடிப்படி ஏறும்போது நெஞ்சை அடைத்தது, உட்கார்ந்ததும் சரியாகிவிட்டது, அவர் கேஸ் என்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். இன்றைக்கே கூட்டிக்கொண்டு போய்க் காட்டுங்கள். ஏறினால் வலித்து, உட்கார்ந்தால் விட்டுவிடும் வலி பெரும்பாலும் இதயத்துடையது. ரத்தக் குழாய் சுருங்கியிருக்கும்போது, உடம்புக்கு வேலை கூடினால் இதயத் தசைக்கு ரத்தம் போதாமல் இப்படி அடைக்கும். அதுவும் புதிதாக ஆரம்பித்திருக்கிறது, சர்க்கரையும் இருக்கிறது. சும்மா உட்கார்ந்திருக்கும்போதே வலி வந்தாலோ, வந்த வலி சில நிமிடங்களில் விடாவிட்டாலோ, யாரிடமும் யோசனை கேட்காமல் 108ஐக் கூப்பிடுங்கள்.

நான் மருத்துவர் இல்லை. ஒரு தாலுகா ஊரில், அவசர சிகிச்சைப் பிரிவில் ஈசிஜி எடுக்கிறவன். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வருகிறவர்களின் சட்டைப் பித்தானைக் கழற்றும் முதல் ஆள் பெரும்பாலும் நான்தான். பலர் மேல் ஓமத் திரவ வாசனையோ தைல வாசனையோ அடிக்கும். நெஞ்சில் வைக்கும் ரப்பர் பல்புகள் நிற்காமல் வழுக்கும், அவ்வளவு வியர்வை. துடைத்து, ஜெல்லி தடவி வைத்தால் மறுபடி நழுவும். ஃபேனுக்குக் கீழே படுத்திருக்கும் ஆளுக்கு நடுராத்திரியில் சில்லென்று இப்படிக் கொட்டுவதைப் பார்த்தால், மெஷினிலிருந்து தாள் வருவதற்கு முன்பே எனக்கு வயிற்றைக் கலக்கும். கூட வந்தவர் அப்போதும் சொல்வார்: "நைட்டு பரோட்டா சாப்பிட்டாருங்க, கேஸ் ஏறிடுச்சு."

எப்போது ஆரம்பித்தது என்று கேட்டால் வருகிற பதில் ஊருக்கு ஊர் ஒன்றாகத்தான் இருக்கும். ராத்திரி இரண்டு மணிக்கு நெஞ்சு ஒரு மாதிரி இருந்தது. எழுந்து வெந்நீர் குடித்தார். ஏப்பம் வந்தது, கொஞ்சம் தேவலை என்றார். மறுபடி அடைத்தது. வீட்டில் எழுப்பி முதுகைத் தடவச் சொன்னார். பக்கத்து வீட்டில் ஈனோ வாங்கி வந்தார்கள். மச்சானுக்கு போன் போட்டார்கள், அவர் விடியட்டும் பார்க்கலாம் என்றார். விடிந்ததும் மெடிக்கலில் சொல்லி இரண்டு மாத்திரை. எங்களிடம் வரும்போது மணி ஒன்பது. இதில் யாரும் அக்கறை இல்லாதவர்கள் இல்லை. எல்லாரும் அவருக்காகத்தான் ஓடியிருக்கிறார்கள், ஆனால் ஈசிஜி மெஷின் இருக்கும் இடத்தை நோக்கி மட்டும் ஓடவில்லை.

இது எங்கள் ஊர்க் கதை மட்டும் இல்லை. இந்தியா முழுக்க 89 மருத்துவமனைகளில், மாரடைப்பு போன்ற திடீர் இதய அடைப்போடு வந்த கிட்டத்தட்ட 21,000 நோயாளிகளைக் கவனித்த ஓர் ஆய்வு 2008ல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. வலி ஆரம்பித்து மருத்துவமனை வந்து சேர நம் ஆட்களுக்கு ஐந்தாறு மணி நேரம் ஆகிறது என்று அதில் தெரிந்தது. ஆம்புலன்சில் வந்தவர்கள் நூற்றுக்கு ஐந்தாறு பேர்தான். தமிழ்நாட்டில் 108 வந்ததே அந்த வருடம்தான் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இப்போது வண்டி இருக்கிறது. கூப்பிடும் பழக்கம்தான் இன்னும் எல்லா வீட்டுக்கும் வரவில்லை.

கேஸ் என்று ஏன் தோன்றுகிறது என்றால், அது உண்மையிலேயே கேஸ் மாதிரிதான் இருக்கும். இதயத்தின் அடிச்சுவர் உதரவிதானத்தின் (நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் தசை) மேல் உட்கார்ந்திருக்கிறது, அதற்குக் கீழே இரைப்பை. அந்தச் சுவரில் அடைப்பு வந்தால் மேல் வயிறு பிசையும், குமட்டும், வாந்தி வரும், ஏப்பமும் வரும். ஏப்பம் விட்டதும் லேசானது என்பது எதற்கும் சாட்சி ஆகாது.

சினிமாவில் மாதிரி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்வார்கள் என்று எதிர்பார்க்காதீர்கள். அதை வலி என்றே பலர் சொல்வதில்லை. பாரமாக இருக்கு, இறுக்குது, அமுக்குது என்பார்கள். கேட்டால் ஒரு விரலால் இடத்தைக் காட்ட மாட்டார்கள், உள்ளங்கையை நெஞ்சு முழுக்க வைத்துக் காட்டுவார்கள். தோள், கை, தாடை, முதுகு என்று எங்கே வேண்டுமானாலும் பரவும். இடது கையில்தான் வர வேண்டும் என்றும் இல்லை. சர்க்கரை பல வருடம் இருந்தவர்களுக்கு நரம்பு மரத்துப்போய் வலியே தெரியாமல், மூச்சு வாங்குவதும் அசதியும் வியர்வையும் மட்டும் இருக்கலாம். வயதானவர்களுக்கும் அப்படித்தான். பெண்களிலும் பலருக்கு முதுகு வலி, குமட்டல், காரணம் தெரியாத களைப்பு என்றுதான் தெரிகிறது. அதனாலேயே வீட்டில் அம்மாக்களின் வலிக்கு யாரும் பதறுவதில்லை, அவர்களும் இட்லிக்கு ஊற்றி வைத்து, எல்லாருக்கும் மதியச் சாப்பாட்டைக் கட்டிக் கொடுத்துவிட்டுத்தான் வருகிறார்கள். இதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனசு ஆறுவதில்லை.

இதயத்தின் ரத்தக் குழாய் முழுசாக அடைபட்டால் அரை மணி நேரத்துக்குள்ளேயே தசை சாக ஆரம்பித்துவிடும், உள்பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாக மணிக்கணக்கில் பரவும். செத்த தசை திரும்ப வராது. குழாயை அடைத்த ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசி முதல் இரண்டு மூன்று மணி நேரத்தில் நன்றாக வேலை செய்யும், 12 மணி நேரம் தாண்டினால் பொதுவாகப் போடுவதில்லை. ஆஞ்சியோ செய்து ஸ்டென்ட் வைப்பதும் சீக்கிரம் செய்தால்தான் முழுப் பலன். காலை ஒன்பது மணிக்கு வந்தவர் பிழைத்துக்கொள்ளலாம். ஆனால் அப்புறம் பத்தடி நடந்தாலே மூச்சு வாங்கும் ஆளாக மீதி நாளைக் கழிக்க வேண்டி வரலாம்.

சரி, வலி வந்துவிட்டது, என்ன செய்வது? உட்கார வையுங்கள், இல்லை சாய்த்துப் படுக்க வையுங்கள். நடக்க விடாதீர்கள், மாடியிலிருந்து தானாக இறங்க விடாதீர்கள். 108ல் பேசும்போது "நெஞ்சு வலி, வியர்க்கிறது, இத்தனை வயது, சர்க்கரை உண்டு" என்று சொல்லி, வீட்டுக்கு அடையாளமும் சொல்லுங்கள். வண்டி வரத் தாமதமாகும் என்றால் வேறொருவர் ஓட்டும் காரிலோ ஆட்டோவிலோ கிளம்புங்கள். பைக்கில் இரண்டு பேருக்கு நடுவில் உட்காரவைத்துக் கொண்டுவருவதை வாரா வாரம் பார்க்கிறேன். வழியில் மயங்கினால் ஒன்றும் செய்ய முடியாது. முதல் ஒரு மணி நேரத்தில் நடக்கும் சாவுகளில் பெரும்பாலானவை இதயத் துடிப்பு தாறுமாறாகி வருபவை, அதற்கு ஷாக் கொடுக்கும் கருவி வேண்டும். மூச்சு பேச்சு இல்லாமல் விழுந்துவிட்டால் நெஞ்சு நடுவில் இரண்டு கையையும் வைத்து, நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை ஆழமாக அமுக்கிக்கொண்டே இருங்கள். "விடாமல் இருமினால் மாரடைப்பு நிற்கும்" என்று வாட்ஸ்அப்பில் சுற்றுவதை நம்பாதீர்கள்.

மாத்திரை விஷயம். ஆஸ்பிரின் ஒத்துக்கொள்ளாதவர், வயிற்றில் ரத்தக் கசிவு இருந்தவர் தவிர மற்றவர்கள் 300 மில்லிகிராம் மென்று விழுங்கலாம், 108ல் கேட்டுவிட்டுக் கொடுங்கள். மாத்திரை தேடி நேரத்தைத் தொலைக்க வேண்டாம். ரத்தக் குழாயை விரிக்க நாக்குக்கு அடியில் வைக்கும் சார்பிட்ரேட் மாத்திரையைப் பக்கத்து வீட்டுக்காரர் கொடுத்தார் என்று வைக்காதீர்கள், ரத்த அழுத்தம் ஏற்கெனவே இறங்கியிருந்தால் அது ஆளைச் சாய்த்துவிடும்.

கிராமத்தில் இருப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். 2023ல் தமிழ்நாடு அரசு "இதயம் காப்போம்" என்று ஒரு திட்டம் தொடங்கியது. ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், அட்டோர்வாஸ்டாடின் மூன்றும் சேர்த்து 14 மாத்திரைகளை ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே, துணை சுகாதார நிலையங்களிலும்கூட, முதல் தவணையாகக் கொடுத்துப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்புகிறார்கள். பலருக்கு இது தெரியவே தெரியாது. செலவை நினைத்துத் தயங்குகிறவர்களுக்கு, முதலமைச்சர் காப்பீட்டு அட்டையில் ஸ்டென்ட் வைப்பதும் அடங்கும்.

வந்து ஈசிஜி எடுத்து, அது சரியாக இருந்தால்? சந்தோஷம். ஆனால் முதல் ஈசிஜி சரியாக இருந்தும் பின்னால் மாறுவது உண்டு. மறுபடி எடுக்க வேண்டும், இதயத் தசை சேதமாகியிருக்கிறதா என்று காட்டும் ட்ரோபோனின் ரத்தப் பரிசோதனையைச் சில மணி நேரம் கழித்துத் திரும்பச் செய்ய வேண்டும் என்று மருத்துவர் சொன்னால், கையெழுத்துப் போட்டுவிட்டுக் கிளம்பாதீர்கள். கேஸ் என்றே முடிவானாலும் உங்களை யாரும் திட்ட மாட்டார்கள். வீட்டுக்குப் போனபின் வலி திரும்பினால் "நேற்றுதானே பார்த்தோம்" என்று இருக்காமல் மறுபடி வாருங்கள். அப்போது பழைய ஈசிஜியையும் கொண்டுவாருங்கள், ஒப்பிட்டுப் பார்த்தால் புது மாற்றம் உடனே தெரியும். அந்தத் தாளில் கோடுகள் கொஞ்ச நாளில் மங்கிவிடும், அதனால் வாங்கிய அன்றே செல்போனில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.