பழைய வீட்டு அட்டிக்கில் பஞ்சு போடுவதற்கு முன்னால்

தம்பி, வலங்கைமானிலிருந்து கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்து ஹாமில்டன் போய் இரண்டாம் குளிர்காலத்திலேயே பழைய செங்கல் வீடு வாங்கிவிட்டீர்கள், சந்தோஷம். மாடி அறை குளிர்கிறது, கேஸ் பில் எகிறுகிறது, கூரை விளிம்பில் பனிக்கட்டி தொங்குகிறது, அட்டிக் (சீலிங்குக்கும் கூரைக்கும் நடுவிலுள்ள காலி இடம்) முழுக்கக் குளிர் தடுக்கும் பஞ்சை அடைத்தால் தீருமா, ஊரில் அப்பா வீட்டு மாடிக்கும் இதையே செய்யலாமா என்று கேட்டிருந்தீர்கள். நான் இப்போது லீவில் கும்பகோணத்தில் இருக்கிறேன், நேரம் கிடைத்திருக்கிறது, கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

பஞ்சு போடத்தான் வேண்டும், ஆனால் அது கடைசி வேலை. முதல் வேலை, வீட்டுக்குள்ளிருந்து அட்டிக்குக்குக் காற்று ஏறுகிற ஓட்டைகளை அடைப்பது. டெல்டாவில் வளர்ந்தவர்களுக்கு இது சட்டென்று மனசில் ஏறாது. நாட்டு ஓட்டு வீட்டில் அடுப்புப் புகையும் சோறு வடிக்கிற ஆவியும் ஓட்டு இடுக்கு வழியாகத் தானாகப் போய்விடும், பனங்கை கறுத்துப்போவதைத் தவிர ஒரு கெடுதலும் இல்லை. ஹாமில்டனில் அதே ஆவி மேலே ஏறினால் குளிர்ந்த பலகையில் பட்டு உறைந்துவிடும். ஜனவரியில் மைனஸ் பத்துக்குக் கீழே போன ஒரு காலையில் டார்ச்சோடு அட்டிக் மூடியைத் திறந்து பாருங்கள். கூரை மேல் வேய்ந்த ஷிங்கிள் தகடுகளின் ஆணி நுனி கூரைப் பலகையைத் துளைத்துக்கொண்டு உள்ளே நீட்டியிருக்கும், ஒவ்வொரு நுனியிலும் அரிசிப்பொரி ஒட்டியது போல வெள்ளையாக உறைபனி. வெயில் வந்ததும் அது உருகிச் சொட்டும், சீலிங்கில் கறை விழும், கூரை ஒழுகுகிறது என்று ஆளைக் கூப்பிட்டுக் காசு கொடுப்போம். கூரையில் ஒரு பழுதும் இருக்காது, சொட்டியது நம் வீட்டு ரசத்து ஆவி.

விளிம்பில் தொங்குகிற பனிக்கட்டிக்கும் காரணம் இதுதான். ஏறின சூட்டில் கூரை மேல் பனி உருகி ஓடிவருகிறது, சுவரைத் தாண்டிய விளிம்பு மட்டும் குளிர்ந்து கிடப்பதால் அங்கே மறுபடி உறைந்து அணை கட்டுகிறது, பின்னால் தேங்கின தண்ணீர் ஷிங்கிளுக்கு அடியில் புகுந்துவிடும்.

ஓட்டை எங்கே என்று கண்டுபிடிக்க ஊதுபத்தி போதும். நல்ல குளிர் நாளில் மாடியில் கொளுத்தி, சீலிங் லைட், அட்டிக் மூடி விளிம்பு, கழிவுக்குழாய் சீலிங்கைத் தாண்டும் இடம் என்று காட்டிக்கொண்டே போனால் புகை இழுபடுகிற இடம் தெரிந்துவிடும். அட்டிக்குக்குள் பழைய பஞ்சு எங்கெல்லாம் கறுத்திருக்கிறதோ அங்கெல்லாம் அடியில் ஓட்டை இருக்கிறது என்று அர்த்தம், காற்றிலிருக்கும் தூசியைப் பஞ்சு வடிகட்டிய கறுப்பு அது. சின்ன ஓட்டைக்கு, அடித்ததும் நுரைத்து இறுகுகிற ஸ்ப்ரே ஃபோம் டப்பா சரி. புகைபோக்கியைச் சுற்றி மட்டும் அதை அடிக்காதீர்கள், அங்கே தகரம் வெட்டிப் பொருத்தி நெருப்புத் தாங்கும் சீலன்ட்தான் போட வேண்டும்.

பாத்ரூம் ஃபேன் குழாய் எங்கே போய் முடிகிறது என்றும் பாருங்கள். பழைய வீடுகளில் அதை அட்டிக்குக்குள்ளேயே விட்டிருப்பார்கள், அதைக் கூரைக்கு வெளியே கொண்டுபோகாமல் எதைப் போட்டாலும் பூஞ்சைதான் வளரும். (ஊரிலிருந்து அம்மா வந்தால் கரண்ட் வீண் என்று அந்த ஃபேனை அணைத்துக்கொண்டே இருப்பார்கள். டைமர் ஸ்விட்ச் போட்டுவிடுங்கள், வீட்டில் சண்டை வராது.)

இதையெல்லாம் தொடுவதற்கு முன்னால் இரண்டு விஷயம், இதில் விளையாட வேண்டாம். சின்னக் கூழாங்கல் மாதிரி, பழுப்பும் பொன்னிறமுமாக மினுங்குகிற பொருள் அட்டிக்கில் கொட்டிக் கிடந்தால் அது வெர்மிகுலைட். அமெரிக்காவில் மொன்டானா மாநிலத்து லிபி சுரங்கத்திலிருந்து வந்து ஜோனோலைட் என்ற பெயரில் விற்ற சரக்கில் நுரையீரலைக் கெடுக்கும் ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருந்தது, சுரங்கத்தை 1990-இல் மூடினார்கள். கூட்டாதீர்கள், கிளறாதீர்கள், சோதித்துச் சொல்ல ஆள் வரட்டும். அடுத்தது, பீங்கான் குமிழ்களில் கட்டி இழுத்த பழைய வயரிங். அந்த வயர் காற்றில் சூடு ஆறுகிற மாதிரி போட்டது, மேலே பஞ்சைக் கொட்டினால் தீப்பிடிக்கும் ஆபத்து. எலெக்ட்ரீஷியன் பார்த்து மாற்றின பிறகுதான் மற்ற வேலை. இன்ஷூரன்ஸ்காரரும் இதைக் கேட்பார்.

அப்புறம் பஞ்சு. ஒன்டாரியோவில் அட்டிக்குக்கு ஆர்-60 என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள் (ஆர் என்பது சூடு கடப்பதைத் தடுக்கும் அளவு, எண் கூடக்கூடத் தடுப்பு அதிகம்). பழைய செய்தித்தாளை அரைத்து போரேட் உப்பு சேர்த்த செல்லுலோஸ் பஞ்சு அங்குலத்துக்கு சுமார் ஆர்-3.5 தரும், ஆக 17 அங்குலம் வேண்டும். பழைய வீட்டில் மரச்சட்டத்துக்கு மரச்சட்டம் இடைவெளி மாறும், அதனால் சுருளாக வருகிற பஞ்சைவிட ஊதி நிரப்புவதே என் தேர்வு. சாஃபிட் (கூரை விளிம்பின் அடிப்பக்கம்) பக்கத்துக் காற்று வழியை மட்டும் அடைத்துவிடாமல், ஒவ்வொரு சட்ட இடுக்கிலும் தடுப்பு வைத்துவிட்டு ஊதச் சொல்லுங்கள். கன்ட்ராக்டர் முழுக்க ஸ்ப்ரே ஃபோம் என்று ஆசை காட்டுவார், உங்களுடையது போன்ற தட்டையான அட்டிக் தரைக்கு அந்தச் செலவு தேவையில்லை. மானியம் ஏதாவது கிடைக்குமா என்று பார்ப்பதானால், வேலை தொடங்கும் முன்பே எனர்ஜி ஆடிட் (வீட்டில் சூடு எங்கே வீணாகிறது என்ற சோதனை) எடுத்துவிடுங்கள், பிறகு எடுத்தால் பெரும்பாலும் செல்லாது.

அப்பா வீட்டுக்கு வருகிறேன். அங்கே எதிரி வெயில், அதைக் கான்கிரீட் உள்வாங்குவதற்கு முன்னால் மேலேயே தடுக்க வேண்டும். மொட்டை மாடிக்கு வெள்ளைத் தட்டை ஓடு, இல்லையென்றால் கோடைக்கு முன்னால் வெயிலைத் திருப்பும் வெள்ளைப் பெயின்ட் போதும். சீலிங்குக்கு அடியில் பஞ்சு வைத்தால் எலி குடியேறும், ஐப்பசி மழையில் எங்கே ஒழுகுகிறது என்பதே தெரியாது. பழைய மெட்ராஸ் டெரஸ் பகுதி இருக்கிறது என்றீர்களே, செங்கல்லும் சுண்ணாம்புமாக அத்தனை கனத்தில் போட்டது, சூட்டை மெதுவாகத்தான் இறக்கும். விரிசல் விட்ட இடத்தை சுண்ணாம்பிலேயே பூசச் சொல்லுங்கள், சிமென்ட் பூசினால் ஒட்டாமல் பெயர்ந்துவிடும்.