குளியலறையை ஒட்டிய சுவரில் பெயின்ட் உரிகிறதா? கசிவை முதலில் பிடியுங்கள்

மூன்றாவது தடவை பட்டி பார்க்காதீர்கள். இரண்டு முறை பெயின்ட் அடித்தும் படுக்கையறைச் சுவரின் அடியில் ஒன்றரை அடி பொரிந்து வருகிறதென்றால், ஈரம் பெரும்பாலும் பின்பக்கக் குளியலறையிலிருந்துதான் வருகிறது. குளியலறைத் தரையில் தண்ணீர் வடியும் நஹானி ட்ராப்பைச் சுற்றியும், தரை டைல்ஸ் சுவரைத் தொடும் மூலையிலும்தான் முதல் சந்தேகம்.

ட்ராப் வாயை பிளாஸ்டிக் பையில் சுற்றிய துணியால் அடைத்து ஒரு அங்குலம் தண்ணீர் நிறுத்துங்கள். மட்டத்தைப் பென்சிலால் குறித்து 24 மணி நேரம் விடுங்கள். ஓரிரு மில்லிமீட்டர் குறைவது இயல்பு. அதற்கு மேல் இறங்கினால் கசிவு தரையில்தான். இறங்காவிட்டால் சுவருக்குள் போகும் பைப்பைச் சோதியுங்கள்.

தரையென்றால் டைல்ஸ் இடுக்கிலுள்ள பழைய ஒயிட் சிமென்ட்டைச் சுரண்டி எடுத்து, நன்றாகக் காயவிட்டு, இடுக்கை அடைக்கும் எப்பாக்ஸி கிரவுட் கலவையைப் போடுங்கள். ஈரத்தின் மேல் அது பிடிக்காது.

தரைத்தள வீடாக இருந்து மற்றச் சுவர்களிலும் உப்பு பூத்திருந்தால், அது மண்ணிலிருந்து ஏறும் ஈரம். கிரவுட்டால் நிற்காது.