எல்க் வேட்டைக்கு எந்தத் தோட்டா? கேள்விகளும் பதில்களும்

கொலராடோவில் அக்டோபர் நடுவில் ரைஃபிள் சீசன் தொடங்கிவிடும். லைசென்ஸ் கிடைத்தவர்கள் எல்லாரும் ஒரே விஷயத்தைத்தான் கேட்கிறீர்கள்: தூரத்திலிருந்து எல்க் (பெரிய மான் வகை) அடிக்க எந்தத் தோட்டா வாங்குவது? எனக்குத் தெரிந்தது ராக்கி மலைப் பக்கத்து எல்க், மியூல் மான், ப்ராங்ஹார்ன், அவ்வளவுதான். ஆப்பிரிக்க எருமை, அலாஸ்கா கரடி என்று கேட்டால் பதில் வராது, கோபித்துக்கொள்ளாதீர்கள்.

கேள்வி (டல்லாஸ்): அக்கா, முதல் எல்க் வேட்டை. கையில் ஒரு .308 துப்பாக்கி இருக்கிறது. அதை வைத்துக்கொண்டு மலைக்குப் போகாதே, 7 பிஆர்சி என்ற புதுத் தோட்டா போடும் துப்பாக்கி வாங்கு என்கிறார்கள். 600 யார்டு வரை அடிக்க ஆசை. வாங்கட்டுமா?

முதலில் 600 என்ற எண் எங்கிருந்து வந்தது என்று யோசியுங்கள் தம்பி. யூடியூபில் இருந்து வந்திருந்தால் அங்கேயே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

தூரத்தை முடிவு செய்வது மூன்று விஷயம். ஒன்று, குண்டு (தோட்டாவின் முனையிலிருந்து பறந்துபோகும் பகுதி) விலங்கின்மேல் படும்போது அதற்கு இருக்கும் வேகம். வேட்டைக் குண்டு உள்ளே போய் விரிய வேண்டும், விரியாவிட்டால் பென்சில் போல ஓட்டை போட்டுவிட்டு மறுபக்கம் போய்விடும், எல்க் மலையேறிப் போய் மறுநாள் எங்கோ சாகும். பெரும்பாலான குண்டுகளுக்கு வினாடிக்கு 1,800 அடி வேகமாவது மிச்சம் இருக்க வேண்டும் என்று நான் கணக்கு வைப்பேன். சில குண்டுகளைச் செய்தவர்களே அதற்குக் கீழும் விரியும் என்கிறார்கள், சரி, ஆனால் விளிம்பில் நின்று விளையாட வேண்டாம். உங்கள் .308-இல் 178 கிரெய்ன் (குண்டின் எடை அளவு) ஈஎல்டி-எக்ஸ் வேட்டைக் குண்டு 2,600 அடி வேகத்தில் கிளம்பினால் 400 யார்டில் சுமார் 2,000 அடி இருக்கும், 500-இல் 1,900-க்குச் சற்றுக் கீழே. ஆக, உங்கள் பழைய துப்பாக்கி 400 யார்டுக்குத் தாராளமாகப் போதும்.

இரண்டாவது காற்று. குறுக்கே 10 மைல் வேகக் காற்று அடித்தால் 500 யார்டில் அந்த .308 குண்டை ஏறக்குறைய 20 அங்குலம் தள்ளிவிடும். 7 பிஆர்சியின் 175 கிரெய்ன் குண்டை 13, 14 அங்குலம். புதிய தோட்டா உண்மையில் உங்களுக்குத் தருவது இந்த வித்தியாசத்தைத்தான். ஆனால் இங்கே பள்ளத்தாக்கில் நீங்கள் நிற்கும் இடத்தில் ஒரு காற்று, நடுவில் ஒரு காற்று, எல்க் நிற்கும் சரிவில் எதிர்ப்பக்கம் ஒரு காற்று. அதைப் பாதி தப்பாகக் கணித்தாலே நெஞ்சுக்கு வைத்த குறி வயிற்றுக்குப் போய்விடும். எல்க்கின் நெஞ்சுக்கூட்டில் நாம் அடிக்க வேண்டிய பகுதி ஓரடிக்குச் சற்றுதான் அதிகம்.

மூன்றாவது நீங்கள். மேஜைமேல் மணல் மூட்டை வைத்துச் சுடுவதைச் சொல்லவில்லை. முதுகுப் பையைத் தரையில் போட்டு, மூச்சு வாங்கிக்கொண்டு, குளிர்ந்த குழலில் சுடும் முதல் குண்டு சாப்பாட்டுத் தட்டு அளவுக்குள் ஒவ்வொரு தடவையும் விழும் தூரம் எதுவோ அதுதான் உங்கள் தூரம். பலருக்கு அது 300 யார்டைத் தாண்டாது. 7 பிஆர்சி விலையில் எத்தனை பெட்டி .308 வரும் என்று பாருங்கள், இந்தக் கோடை முழுக்க அதைச் சுட்டுத் தீருங்கள்.

அப்புறம் ஒன்று, எல்லாருக்கும் சேர்த்துச் சொல்கிறேன்: எந்தத் தோட்டாவை வேட்டைக்கு எடுத்துப்போகிறீர்களோ அதே தோட்டாவில் ஜீரோ செய்யுங்கள் (குறி வைத்த இடத்திலேயே குண்டு விழும்படி தொலைநோக்கியைச் சரிசெய்வது). மலிவான தோட்டாவில் ஜீரோ வைத்துவிட்டு விலையுயர்ந்ததை மலைக்கு எடுத்துப்போகும் பழக்கம் வேண்டாம்.

கேள்வி (டென்வர்): தோட்டாவில் 6.5 கிரீட்மோரா, .300 வின் மேக்கா?

எல்க், 350 யார்டுக்குள், உதை பிடிக்காதவர் என்றால் கிரீட்மோர். அதற்கு மேல் தூரம், உதையை அசராமல் தாங்குவீர்கள் என்றால் வின் மேக். எட்டு பவுண்டு துப்பாக்கியில் வின் மேக் தோளில் இறங்கும் உதை கிரீட்மோரைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. அதைத் தாங்க முடியாமல் விசையை இழுக்கும் முன்பே கண்ணை மூடும் ஆண்களை ரேஞ்சில் நிறையப் பார்க்கிறேன், யாரும் ஒத்துக்கொள்வதில்லை. குழல் முனையில் மசில் பிரேக் போட்டால் உதை குறையும், சத்தம் பின்னால் வந்து காதைக் கிழிக்கும். வேட்டையிலும் காதுக்குப் பாதுகாப்பு போடுங்கள். போன செவித்திறன் திரும்ப வராது.

கேள்வி (மொன்டானா): மன்னிக்கணும் சகோதரி, எல்க்கிற்கு கிரீட்மோரைச் சிபாரிசு செய்வது பொறுப்பற்ற பேச்சு. எல்க்கிற்கு 1,500 அடி-பவுண்டு ஆற்றல் வேண்டும் என்பது இங்கே எல்லா வேட்டைக்காரரும் அறிந்தது. கிரீட்மோரில் 400 யார்டிலேயே அது இல்லை.

அண்ணே, வாங்க. இதை எதிர்பார்த்தேன்.

143 கிரெய்ன் குண்டு 2,700-இல் கிளம்பினால் 400 யார்டில் சுமார் 1,475 அடி-பவுண்டு. உங்கள் கோட்டுக்கு 25 குறைவு. அந்த 25 இல்லாததால் எல்க் குண்டை உதறிவிட்டுப் போகுமா? 1,500 என்பது யாரோ வசதிக்குப் போட்ட முழு எண். கொலராடோ சட்டம் எல்க்கிற்குக் கேட்பது குறைந்தது .24 விட்டம், 85 கிரெய்ன் எடை, விரியும் குண்டு, 100 யார்டில் 1,000 அடி-பவுண்டு. அந்தச் சட்டப்படி கிரீட்மோர் வெகு சௌகரியமாகப் பாஸ். சட்டம் அனுமதிப்பதெல்லாம் புத்திசாலித்தனம் என்று நான் சொல்லவில்லை, அது வேறு.

ஸ்வீடனில் வருஷாவருஷம் மூஸ் மான் அடிக்கிறார்கள். மூஸ் எல்க்கைவிடப் பெரிது. அங்கே 1890-களில் ராணுவத்துக்கு வந்த, கிரீட்மோரின் அதே விட்டமுள்ள 6.5x55 தோட்டா இன்னும் வேட்டைக்குப் போகிறது. அவர்கள் சட்டத்தைப் பாருங்கள்: 10 கிராமோ அதற்கு மேலோ எடையுள்ள குண்டு என்றால் 100 மீட்டரில் 2,000 ஜூல் போதும், 9 கிராம் குண்டு என்றால் 2,700 ஜூல் வேண்டும். அதாவது கனமான, நீளமான, ஆழமாகப் போகும் குண்டுக்கு ஆற்றலில் சலுகை. ஆற்றல் மட்டும் கொல்வதில்லை என்று சட்டமாகவே எழுதி வைத்திருக்கிறார்கள்.

இன்னொன்று. நோஸ்லர் பார்ட்டிஷன் குண்டு எப்படிப் பிறந்தது? 1946-இல் ஜான் நோஸ்லர் பிரிட்டிஷ் கொலம்பியாவில் ஒரு மூஸைச் சுட்டார், கையில் .300 ஹாலண்ட் மேக்னம், ஆற்றலுக்குப் பஞ்சமே இல்லாத தோட்டா. குண்டு ஆழமாகப் போகவில்லை. ஆற்றல் எல்லாம் இருந்தது, குண்டுதான் தாங்கவில்லை. அதற்காகத்தான் நடுவில் தடுப்புச்சுவர் வைத்த குண்டை அவர் செய்தார்.

கேள்வி (ஐடஹோ): அக்கா சொல்வது சரி! பெல் என்ற வேட்டைக்காரர் சின்ன 7x57 தோட்டாவில் நூற்றுக்கணக்கில் யானையே அடித்தார். எல்க் எம்மாத்திரம்?

ஐயோ, எனக்காகப் பேச வராதீர்கள். பெல் அடித்தது விரியாத, முழுக் கவசக் குண்டு, மிக அருகிலிருந்து, மூளைக்குக் குறி வைத்து. யானை மண்டைக்குள் மூளை எங்கே இருக்கிறது என்று படிப்பதற்காக மண்டையை அறுத்தே பார்த்தவர் அவர். 400 யார்டில் எல்க் நெஞ்சுக்கு அடிப்பதற்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

கேள்வி (மொன்டானா, மறுபடியும்): குறுக்கே நிற்கும் எல்க்கிற்கு நீங்கள் சொல்வது சரி. பின்பக்கம் காட்டிச் சாய்ந்து நின்றால்? தோள் எலும்பில் பட்டால்?

இது நியாயமான கேள்வி. ஆண் எல்க் 700 பவுண்டு நிற்கும், சாய்ந்து நின்றால் குண்டு நிறைய சதையையும் எலும்பையும் கடக்க வேண்டும். அங்கே 200 கிரெய்ன் .30 குண்டுக்குக் கூடுதல் இடம் இருக்கிறது, மறுக்கவில்லை. கிரீட்மோர் வைத்திருப்பவர் அந்த நிலையில் சுடாமல் காத்திருக்க வேண்டும். ஏழு நாள் வேட்டையின் கடைசி மாலையில், வெளிச்சம் போகும் நேரத்தில் காத்திருப்பாரா என்பது அவரவர் சுபாவம். உங்களுக்கு அந்த நம்பிக்கை மனிதர்கள்மேல் இல்லை, அதனால் பெரிய தோட்டா கொடுக்கிறீர்கள். எனக்கோ பெரிய தோட்டா வாங்கியவர் இன்னும் மோசமான கோணத்தில் சுடுவார் என்ற பயம். இதை இத்தோடு விடுவோம் அண்ணே, வரிசையில் நிறையப் பேர் நிற்கிறார்கள்.

கேள்வி (ஹூஸ்டன்): பழைய .270 வின்செஸ்டர் மலிவாகக் கிடைக்கிறது. காலாவதியான தோட்டாவா?

1925-இல் வந்தது. அன்று செத்த எல்க்கைப் போலத்தான் இன்றும் சாகும். ஆனால் நீண்ட தூரக் குண்டுகள் நீளமானவை, நீளக் குண்டு நேராகப் பறக்க வேகமாகச் சுழல வேண்டும், அதற்குக் குழலின் உள்வரி நெருக்கமாக முறுக்கியிருக்க வேண்டும். .270 குழல்கள் வழக்கமாகப் பத்து அங்குலத்துக்கு ஒரு சுற்று. அதில் 130 முதல் 150 கிரெய்ன் வரை நன்றாகப் போகும், அதற்கு மேல் சிரமம். கிரீட்மோர், 7 பிஆர்சி எல்லாம் எட்டு அங்குலத்துக்கு ஒரு சுற்று. 2021-இல் 6.8 வெஸ்டர்ன் வந்ததும் இதற்குத்தான், .270-இன் அதே விட்டம், நெருக்கமான முறுக்கு, 165, 175 கிரெய்ன் குண்டு. இந்தப் புதுத் தோட்டாக்களில் மந்திரம் ஒன்றும் இல்லை, நீளக் குண்டுக்கு முதலிலேயே இடம் விட்டு வடிவமைத்தார்கள், அவ்வளவே. 400-க்குள் .270 வாங்குங்கள், மிச்சப் பணத்தில் நல்ல ரேஞ்ச்ஃபைண்டர் (தூரம் அளக்கும் கருவி).

கேள்வி (சேக்ரமெண்டோ): இங்கே ஈயக் குண்டு கூடாதாமே?

ஆமாம், கலிஃபோர்னியாவில் 2019 ஜூலை 1 முதல் எந்த வேட்டைக்கும் கூடாது. செம்புக் குண்டு வாங்குங்கள். செம்பு ஈயத்தைவிட லேசு, அதனால் அதே எடைக்குக் குண்டு நீளமாகிவிடும், கடினமும் அதிகம், விரிய வேகம் வேண்டும். ஆகவே ஒரு படி எடை குறைத்து வாங்கி வேகத்தைக் கூட்டுங்கள், 2,000 அடிக்குக் கீழே போகும் தூரத்தில் சுடாதீர்கள். ஆழமாகப் போவதில் செம்பை அடிக்க ஆளில்லை. ஈயத்துக்கு வைத்த ஜீரோவை நம்பாதீர்கள், மறுபடி செய்யுங்கள்.

கேள்வி (சான் ஹோசே): எச்1பி விசாவில் இருக்கிறேன். முதலில் எந்தத் துப்பாக்கி வாங்கலாம்?

முதலில் வக்கீலைப் பாருங்கள். குடியேறாத விசாவில் இருப்பவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதே அமெரிக்க மத்தியச் சட்டப்படி குற்றம். செல்லுபடியாகும் வேட்டை லைசென்ஸ் இருந்தால் அதற்கு விலக்கு உண்டு, ஆனால் மாநிலச் சட்டம் தனி. நண்பர் துப்பாக்கியை ரேஞ்சில் "சும்மா ஒரு தடவை" சுடுவதும் இதில் அடங்கும் என்று பலருக்குத் தெரியவில்லை. கிரீன் கார்டுக்காரர்களுக்கு இந்தத் தடை இல்லை.

கேள்வி (கோயம்புத்தூர்): நம் ஊரில் மானுக்கு எது சரிப்படும்?

ஜெயில்தான் சரிப்படும். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அங்கே இன்னும் அமலில் இருக்கிறது. சுடும் ஆசை இருந்தால் ரைஃபிள் கிளப்பில் சேருங்கள்.

கேள்வி (டொராண்டோ): அக்கா, வடக்கு ஒன்டாரியோவில மூஸுக்குப் போறம். எல்லாரும் .300 மேக்னம் வாங்கச் சொல்லுறாங்கள். என்னட்ட .30-06 தான் கிடக்கு.

உங்கட .30-06 போதும் தம்பி, நிறையவே போதும். அந்தக் காட்டுக்குள் நூறு யார்டுக்கு மேல் பார்வை கிடைப்பதே அபூர்வம். 180 கிரெய்ன் நல்ல குண்டு போட்டுக் கொண்டு போங்கள். ஒரு எச்சரிக்கை: பின்னால் .300 வாங்கினாலும் .300 வின் மேக், .300 டபிள்யூஎஸ்எம், .300 பிஆர்சி, .300 வெதர்பி நாலும் வேறு வேறு. பெட்டியில் "300" என்று பார்த்தவுடன் எடுக்காதீர்கள். குழல்மேல் பொறித்திருப்பதும் தோட்டாவின் அடியில் பொறித்திருப்பதும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும். .300 ப்ளாக்அவுட் தோட்டாவை .223 துப்பாக்கியில் போட்டு அது வெடித்துச் சிதறிய கதைகள் அமெரிக்காவில் ஏராளம்.

கேள்வி (ஆஸ்டின்): 6.5-ஆ 7-ஆ?

மேலே இருக்கிறது.

கேள்வி (ஃபீனிக்ஸ்): .338 லப்புவா வாங்கி 1,000 யார்டில் எல்க் அடிக்கலாம்தானே?

குண்டு போய்ச் சேர ஒரு வினாடிக்கு மேல் ஆகும். எல்க் ஓரடி எடுத்து வைக்க அவ்வளவு நேரம் வேண்டாம். உங்கள் கணக்கு, துப்பாக்கி, காற்று எல்லாம் சரியாக இருந்தும் குண்டு வயிற்றில் படும், நீங்கள் அந்தச் சரிவுக்கு நடந்துபோய்ச் சேர ஒரு மணி நேரம், இரத்தத் தடத்தைத் தேட வேண்டிய இடமே தெரியாது. 1887-இல் தியடோர் ரூஸ்வெல்ட் தொடங்கிய பூன் அண்ட் கிராக்கெட் கிளப்பும், எவ்வளவு தூரம் அடிக்க முடியும் என்று உயிருள்ள விலங்கின்மேல் சோதிப்பது வேட்டையே அல்ல என்கிறது. இரும்புத் தகட்டை 1,000 யார்டில் வையுங்கள், லப்புவாவோடு வாருங்கள், நானும் வருகிறேன்.

கேள்வி (டல்லாஸ், முதல் ஆள்): சரி அக்கா, .308-ஏ கொண்டு வருகிறேன். இங்கே வைத்த ஜீரோ மலையில் மாறுமா?

200 யார்டில் பெரிதாகத் தெரியாது. நீங்கள் இருப்பது கடல் மட்டத்திலிருந்து சில நூறு அடி, எல்க் நிற்பது 9,000 அடியில், மெல்லிய காற்று, குண்டு குறைவாக இறங்கும். 400-இல் அது சில அங்குலம் மேலே காட்டும். குண்டின் பாதையைக் கணக்கிடும் பாலிஸ்டிக் ஆப்பில் உயரத்தை மாற்றிப் போடுங்கள். விமானத்தில் வந்தால் துப்பாக்கி பூட்டிய கெட்டிப் பெட்டியில், குண்டு ஏற்றாமல், கவுண்டரில் சொல்லி, செக்-இன் சாமானாக. தோட்டாவும் செக்-இன்தான், கைப்பையில் ஒன்றுகூட இருக்கக் கூடாது, பழைய ஜாக்கெட் பாக்கெட்டையும் தடவிப் பாருங்கள். வந்து இறங்கியதும் முகாமுக்குப் போகும் முன் ஒரு ரேஞ்சில் மூன்று குண்டு சுட்டு ஜீரோவைச் சரி பாருங்கள். 1949 ஜனவரி 1 அன்றோ அதற்கு அப்புறமோ பிறந்தவர் என்றால் ஹண்டர் எஜுகேஷன் அட்டையும் வேண்டும், அதை இன்னும் எடுக்கவில்லை என்றால் தோட்டா யோசனையை நிறுத்திவிட்டு இன்றைக்கே அந்த வகுப்பில் பெயர் கொடுங்கள்.