கனடாவின் வடகோடியில் ரெசொலூட்டிலிருந்து கிரீஸ் ஃபியோர்டுக்கு எவ்வளவு தூரம்? விமானத்தில் எவ்வளவு நேரம் ஆகும்?

நேர்கோட்டில் ஏறக்குறைய 385 கிலோமீட்டர், ட்வின் ஆட்டர் விமானத்தில் சுமார் ஒன்றரை மணி நேரம். ஆனால் இந்த இரண்டு எண்ணையும் மட்டும் வைத்துப் பயணத் திட்டம் போட்டுவிடாதீர்கள்.

முதலில் தூரம். வரைபடத்தில் பார்த்தால் 1,500 கிலோமீட்டர் போலத் தெரிகிறதே என்று கேட்டிருக்கிறீர்கள். போனில் நாம் பார்க்கும் வரைபடம் துருவத்தை நெருங்க நெருங்க எல்லாவற்றையும் இழுத்துப் பெரிதாக்கிக் காட்டும், 75 டிகிரி வடக்கில் அது கிட்டத்தட்ட நான்கு மடங்கு. அதனால் விரலால் அளக்காமல் தூரம் கணக்கிடும் கருவியைப் பயன்படுத்துங்கள்.

இரண்டுமே கனடாவின் வடபகுதியான நுனாவுட்டில், இனுயிட் என்ற ஆர்க்டிக் பழங்குடியினர் வாழும் ஊர்கள். 2021 கணக்கெடுப்பில் ரெசொலூட்டில் 183 பேர், கிரீஸ் ஃபியோர்டில் 144 பேர். நடுவில் டெவன் தீவு, ஆள் குடியில்லாத தீவுகளில் உலகிலேயே பெரியது. சாலை என்ற பேச்சே இல்லை, சரக்குக் கப்பலும் கோடையில் மட்டும்தான்.

நேரம்தான் சிக்கல். ட்வின் ஆட்டர் மணிக்கு 270 கிலோமீட்டர் வாக்கில் பறக்கும் சின்ன விமானம், எதிர்க்காற்று 50 கிலோமீட்டர் இருந்தால் ஒன்றேமுக்கால் மணி நேரம் ஆகிவிடும், அதே காற்று பின்னாலிருந்து தள்ளினால் ஒன்றேகால் மணியில் இறங்கிவிடலாம். அப்புறம் கிரீஸ் ஃபியோர்டு கடிகாரம் ரெசொலூட்டைவிட ஒரு மணி நேரம் முன்னால் ஓடும். அதனால் கால அட்டவணையில் போகும்போது இரண்டரை மணி நேரம் போலவும், திரும்பும்போது அரை மணி நேரம் போலவும் தெரியும். குழம்ப வேண்டாம்.

இதையெல்லாம்விட முக்கியமானது கிரீஸ் ஃபியோர்டின் ஓடுபாதை. சுமார் அரை கிலோமீட்டர் நீளமுள்ள சரளைக்கல் பாதை, பக்கத்திலேயே மலை, எதிரே கடல். பெரிய விமானம் இறங்க முடியாது, மூடுபனியோ குறுக்குக்காற்றோ வந்தால் சின்ன விமானமும் இறங்காது. அங்கே வேலையாகப் போனபோது நானும் ரெசொலூட்டில் பையோடு காத்துக் கிடந்திருக்கிறேன், பக்கத்தில் சிகிச்சை முடிந்து வீடு திரும்ப முடியாமல் ஒரு பாட்டி உட்கார்ந்திருந்தார். நமக்கு அது தாமதம், அந்த ஊர்க்காரர்களுக்கு வாழ்க்கையே இப்படித்தான். பிரசவத்துக்குக்கூட வாரக்கணக்கில் முன்னதாகவே ஊரைவிட்டுப் பறந்து போக வேண்டும்.

இந்தத் தூரத்துக்குப் பின்னால் ஒரு கொடுமையும் இருக்கிறது, அங்கே போகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். 1953இல் கனடா அரசு கியூபெக்கின் இனுக்ஜுவாக்கிலிருந்து இனுயிட் குடும்பங்களைக் கப்பலில் ஏற்றி, ஏறத்தாழ 2,000 கிலோமீட்டர் வடக்கே கொண்டுவந்து குடியமர்த்தியது. ஒன்றாகவே இருக்கப்போகிறோம் என்று நம்பி ஏறியவர்களை வழியிலேயே பிரித்து, சிலரை ரெசொலூட்டிலும் சிலரைக் கிரீஸ் ஃபியோர்டு பக்கமும் இறக்கிவிட்டார்கள். பிடிக்காவிட்டால் இரண்டு ஆண்டில் திரும்பலாம் என்ற வாக்கும் காப்பாற்றப்படவில்லை. அரசு மன்னிப்புக் கேட்டது 2010இல்தான்.

சரி, உங்கள் பயணத்துக்கு வருவோம். தெற்கே போகும் அடுத்த விமானத்தை அதே நாளில் போடாதீர்கள், இரண்டு மூன்று நாளாவது இடைவெளி விடுங்கள். தினமும் சாப்பிடும் மாத்திரைகளை ஒரு வாரத்துக்குக் கூடுதலாகக் கைப்பையில் வையுங்கள், பெட்டியில் போடாதீர்கள், எடை அதிகமானால் பெட்டி அடுத்த விமானத்தில் வரும். தங்குமிடத்தையும் டிக்கெட் எடுக்கும் முன்பே பேசி உறுதி செய்துகொள்ளுங்கள்.