எச்.ஐ.வி.: துணைக்கு யார் சொல்வது?

கேள்வி (குன்னூர், வேன் ஓட்டுநர்): எனக்கு பாசிட்டிவ். வீட்டுக்காரியிடம் சொல்லவில்லை சார். ஆஸ்பத்திரியிலிருந்தே போன் போட்டுச் சொல்லிவிடுவார்களா?

பதில்: போனில் சொல்ல மாட்டார்கள் தம்பி. 2017 எச்.ஐ.வி. சட்டத்தின் 9ஆம் பிரிவுப்படி டாக்டரோ ஆலோசகரோதான் சொல்லலாம், அதுவும் நேரில். மனைவிக்குத் தொற்றும் ஆபத்து கணிசமாக இருக்க வேண்டும். எடுத்துச் சொல்லியும் நீங்கள் சொல்லப்போவதில்லை என்று அவர்களுக்குத் தெளிவாக வேண்டும். "நாங்கள் சொல்லப்போகிறோம்" என்று உங்களிடம் முதலில் தெரிவித்திருக்க வேண்டும்.

அதுவரை இழுக்காதீர்கள். நம்பிக்கை மையத்துக்கு (அரசின் எச்.ஐ.வி. பரிசோதனை, ஆலோசனை மையம்) மனைவியைக் கூட்டிப்போய், ஆலோசகரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நீங்களே சொல்லுங்கள். நேற்று, முந்தாநாள் உறவு இருந்ததா? அவருக்குத் தொற்றாமல் தடுக்கும் மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும், இன்றே கிளம்புங்கள். நீங்கள் எச்.ஐ.வி.க்கான கூட்டு மருந்தை (ஏ.ஆர்.டி.) விடாமல் சாப்பிட்டு, வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்து அப்படியே நிலைத்தால் உடலுறவில் தொற்றாது. ஆனால் அது இனிமேல் நடக்கப்போவது. அவருக்கு இப்போதே பரிசோதனை வேண்டும்.

கேள்வி (கூடலூர்): கணவரிடம் சொன்னால் அடித்துத் துரத்திவிடுவார். பிள்ளைகளோடு எங்கே போவேன்?

பதில்: இந்தப் பயத்தைச் சட்டமே கணக்கில் எடுத்திருக்கிறது அம்மா. வன்முறை, கைவிடப்படுதல் நேரும் என்று நியாயமான அச்சம் இருந்தால், குறிப்பாகப் பெண்கள் விஷயத்தில், துணைக்குச் சொல்லக் கூடாது. எங்கே அடிப்பார், குடிப்பாரா என்பதையெல்லாம் ஆலோசகரிடம் வெளிப்படையாகச் சொல்லுங்கள். ஆலோசகருக்குத் தெரியாமல் அந்தப் பாதுகாப்பு கிடைக்காது.

கேள்வி (கோத்தகிரி): தங்கைக்குப் பார்த்த மாப்பிள்ளைக்கு இருக்கிறதாம். ஏ.ஆர்.டி. மையத்தில் வேலை பார்க்கும் சொந்தக்காரர் காதில் போட்டார். நல்லதுதானே செய்தார்?

பதில்: தங்கைக்கு நல்லது, அவர் செய்தது தப்பு. இரண்டும் உண்மை. 1998இல் இதே மாதிரி, கல்யாணம் நிச்சயமான ஒருவரின் எச்.ஐ.வி. நிலையை ஆஸ்பத்திரி வெளியே சொன்ன வழக்கில், உச்ச நீதிமன்றம் ஆஸ்பத்திரி பக்கம் நின்றது. எச்.ஐ.வி. உள்ளவரின் திருமண உரிமை பற்றி அப்போது சொன்னவை தேவையற்றவை என்று 2002இல் அதே நீதிமன்றம் சொன்னது. இப்போதைய சட்டத்தில் 'துணை' என்றால் கணவன், மனைவி, அதுபோல் உறவில் இருப்பவர். நிச்சயம் பண்ணிய பெண்ணைச் சட்டம் விட்டுவிட்டது. எனக்கு இது குறையாகத்தான் படுகிறது. நீங்கள் அந்தப் பேச்சையே எடுக்காமல், கல்யாணத்துக்கு முன் இருவரும் சேர்ந்து பரிசோதித்துக்கொள்ளலாமா என்று கேளுங்கள்.

கேள்வி (ஊட்டி): இங்கே டெஸ்ட் எடுத்தால் மார்க்கெட் முழுக்கத் தெரிந்துவிடுமே?

பதில்: சரி, கோவைக்குப் போய் எடுங்கள். அரசு மையம் எங்கும் இலவசம்தான். முதலில் பேச எய்ட்ஸ் உதவி எண் 1097.